மனித உயிரணுவின் புரத ஆலையை வைரஸ்கள் கைப்பற்றுவது எப்படி? மழைக்காலக் காய்ச்சலுக்கு ஆன்டிபயாடிக் பலனளிக்காததன் பின்னணி

கல்லாறு (திருவனந்தபுரம்): கேரளத் தலைநகர் திருவனந்தபுரத்திலிருந்து நெடுமங்காடு, விதுரா வழியாகப் பொன்முடி மலைக்குச் செல்லும் சாலையில், கொண்டை ஊசி வளைவுகள் தொடங்கும் முன் வரும் மலையடிவாரச் சிற்றூர் கல்லாறு. 2018ஆம் ஆண்டு பத்மஸ்ரீ விருது பெற்ற பழங்குடி மருத்துவர் லட்சுமிக்குட்டியின் ஊர் என்ற வகையில் நாடு முழுவதும் அறியப்பட்ட இடம் இது. இங்கிருந்து நெடுமங்காடு நோக்கி இறங்கும் சாலையோரங்களில் ரப்பர் தோட்டங்கள் அடர்ந்துள்ளன. பருவமழை வலுக்கும் நாள்களில் பால்வெட்டு நின்றுவிடுகிறது. அப்போது மரங்களில் கட்டப்பட்ட சிரட்டைகளிலும் கோப்பைகளிலும் மழைநீர் தேங்குகிறது. டெங்கு, சிக்குன்குனியா, ஜிகா ஆகிய வைரஸ்களைப் பரப்பக்கூடிய ஏடிஸ் அல்போபிக்டஸ் கொசு முட்டையிட அந்தச் சிறிதளவு நீரே போதுமானது.

2007ஆம் ஆண்டு கேரளத்தைக் கடுமையாகத் தாக்கிய சிக்குன்குனியாவின் பின்னணியில் இந்தக் கொசுவே இருந்தது. 2021ஆம் ஆண்டு ஜூலை மாதம் கேரளத்தின் முதல் ஜிகா பாதிப்பு திருவனந்தபுரம் மாவட்டத்தில் உறுதி செய்யப்பட்டது. டெங்கு ஆண்டுதோறும் தலைகாட்டுகிறது. இம்மூன்று நோய்களில் எதற்கும் வைரஸை நேரடியாக அழிக்கும் மருந்து இன்றுவரை பயன்பாட்டிற்கு வரவில்லை. சாதாரண பாக்டீரியாத் தொற்றுக்குப் பல வகை மாத்திரைகள் இருக்கும்போது இந்த வைரஸ்களுக்கு ஏன் ஒன்றுகூட இல்லை என்ற கேள்வி இயல்பாக எழுகிறது. வைரஸ் தனது புரதங்களை எங்கே, எதைக் கொண்டு தயாரிக்கிறது என்பதில்தான் இதற்கான விடையின் பெரும்பகுதி அடங்கியுள்ளது.

சொந்த ஆலை இல்லாத உயிர்ப்பொருள்

மனித உடலின் ஒவ்வோர் உயிரணுவும் (செல்) புரதங்களால் இயங்குகிறது. எந்தப் புரதத்தை எவ்வாறு அமைக்க வேண்டும் என்ற குறிப்பு உயிரணுவின் கருவில் உள்ள டிஎன்ஏவில் எழுதப்பட்டுள்ளது. தேவையான குறிப்பு மட்டும் தூது ஆர்என்ஏ என்ற நகலாக எடுக்கப்பட்டுக் கருவுக்கு வெளியே அனுப்பப்படுகிறது. அங்கு ரைபோசோம் என்ற நுண்ணிய அமைப்பு அந்த நகலை மூன்று மூன்று எழுத்துகளாகப் படித்து, ஒவ்வொரு மூன்றெழுத்துக்கும் உரிய அமினோ அமிலத்தை வரிசையாகக் கோக்கிறது. கோத்து முடித்த சங்கிலியே புரதம்.

மனித ரைபோசோம் ஒன்றில் 4 ஆர்என்ஏ மூலக்கூறுகளும் ஏறத்தாழ 80 புரதங்களும் உள்ளன. சிறியது, பெரியது என இரு துண்டுகளாக இருக்கும் ரைபோசோம், தூது ஆர்என்ஏவின் மீது ஒன்றுசேர்ந்த பிறகே வேலையைத் தொடங்குகிறது. எந்த நகலை, எந்த இடத்திலிருந்து படிக்க வேண்டும் என்பதை ரைபோசோம் தானாக முடிவு செய்வதில்லை. தொடக்கக் காரணிகள் எனப்படும் தனிப் புரதங்கள் அதற்கு வழிகாட்டுகின்றன. மனித உயிரணுவின் தூது ஆர்என்ஏ ஒவ்வொன்றின் முனையிலும் ‘தொப்பி’ எனப்படும் வேதியியல் அடையாளம் உண்டு. அதைத் தொடக்கக் காரணிகள் பற்றிக்கொண்டு, ரைபோசோமின் சிறு துண்டை அழைத்து வந்து சேர்க்கின்றன.

பாக்டீரியாவிடம் இந்த ஏற்பாடு முழுவதும் சொந்தமாக உள்ளது. வைரஸிடம் அது அறவே இல்லை. டெங்கு வைரஸைப் பிரித்துப் பார்த்தால், ஏறத்தாழ 10,700 எழுத்துகள் கொண்ட ஓர் ஆர்என்ஏ இழை, அதைச் சுற்றிய புரத உறை, வெளியே கொழுப்புப் படலம் ஆகியவை மட்டுமே கிடைக்கும். ரைபோசோம், தொடக்கக் காரணி, அமினோ அமிலம், அவற்றைக் கோக்கத் தேவைப்படும் ஆற்றல் ஆகியவற்றில் எதுவும் அதனிடம் இல்லை. எனவே உயிரணுவுக்குள் நுழைந்தவுடன் டெங்கு வைரஸ் செய்யும் முதல் வேலை, தன் ஆர்என்ஏவை மனித ரைபோசோமிடம் ஒப்படைப்பதுதான். அந்த ஆர்என்ஏவிலும் மனிதத் தூது ஆர்என்ஏவில் இருப்பது போன்ற தொப்பி இருப்பதால், அது அயலார் எழுதிய குறிப்பு என ரைபோசோமால் பிரித்தறிய இயலுவதில்லை.

ஒரே சங்கிலி, பத்துப் புரதங்கள்

டெங்கு, ஜிகா வைரஸ்களின் மரபுக் குறிப்பு முழுவதும் இடைவெளியின்றி ஒரே தொடராக எழுதப்பட்டுள்ளது. அதைப் படிக்கும் ரைபோசோம், ஏறத்தாழ 3,400 அமினோ அமிலங்கள் கொண்ட ஒரே நீண்ட சங்கிலியை உருவாக்குகிறது. பாலூட்டிகளின் ரைபோசோம் நொடிக்குச் சுமார் 5 அல்லது 6 அமினோ அமிலங்களைக் கோக்கும் என அளவிடப்பட்டுள்ளது. அவ்வகையில் பார்த்தால், ஒரு சங்கிலியை முடிக்க ஏறத்தாழ 10 நிமிடங்கள் போதும். ஒரே ஆர்என்ஏ இழையின் மீது பல ரைபோசோம்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் செல்ல முடியும் என்பதால் உற்பத்தி விரைவாகப் பெருகுகிறது.

அந்த நீண்ட சங்கிலி அப்படியே பயன்படாது. அது 10 தனிப் புரதங்களாக வெட்டப்பட வேண்டும். அவற்றில் 3 புரதங்கள் புதிய வைரஸின் உடலை அமைக்கின்றன. எஞ்சிய 7 புரதங்கள் ஆர்என்ஏவை நகலெடுப்பது, உயிரணுவின் எதிர்ப்பை அடக்குவது போன்ற பணிகளைச் செய்கின்றன. வெட்டும் பணியின் ஒரு பகுதியை வைரஸின் சொந்த நொதி செய்கிறது. மற்றொரு பகுதியை மனித உயிரணுவின் நொதிகளே செய்து கொடுக்கின்றன.

உயிரணுவுக்குள் எண்டோபிளாசக் வலை எனப்படும் சவ்வு அமைப்பு உள்ளது. உயிரணுவிலிருந்து வெளியே அனுப்பப்பட வேண்டிய புரதங்கள் இங்குதான் மடிக்கப்பட்டுச் சீராக்கப்படுகின்றன. டெங்குவின் சங்கிலி உருவாகும்போதே இந்தச் சவ்வுக்குள் செலுத்தப்படுகிறது. சவ்வின் உட்புறம் நீட்டிக்கொண்டிருக்கும் இணைப்புகளை ‘சிக்னல் பெப்டிடேஸ்’ என்ற மனித நொதி வெட்டுகிறது. மற்றொரு மனித நொதித் தொகுதி வைரஸ் புரதங்களுடன் சர்க்கரை மூலக்கூறுகளை இணைக்கிறது. புதிய வைரஸ் உயிரணுவிலிருந்து வெளியேறும் வழியில், ‘ஃபியூரின்’ என்ற மனித நொதி கடைசி வெட்டை நிகழ்த்தி அதைத் தொற்றும் திறன் கொண்டதாக மாற்றுகிறது.

2016ஆம் ஆண்டு பல ஆய்வுக் குழுக்கள் கிறிஸ்பர் தொழில்நுட்பத்தின் மூலம் மனித உயிரணுக்களின் மரபணுக்களை ஒவ்வொன்றாக முடக்கி, எதை இழந்தால் டெங்கு, ஜிகா போன்ற வைரஸ்கள் வளர இயலாது எனச் சோதித்தன. அச்சோதனைகளில் திரும்பத் திரும்பக் கிடைத்த பெயர்கள் பெரும்பாலும் இந்த எண்டோபிளாசக் வலையைச் சேர்ந்த மனிதப் புரதங்களுடையவை. சங்கிலியைச் சவ்வுக்குள் செலுத்துவது, வெட்டுவது, சர்க்கரை இணைப்பது ஆகிய மூன்று பணிகளையும் செய்பவை அவை.

தன் வேலைக்கு வழிவிட்டு, பிறர் வேலையை நிறுத்துதல்

உயிரணுவின் சொந்தத் தூது ஆர்என்ஏக்களும் அதே ரைபோசோம்களுக்காகக் காத்திருப்பவை. எனவே பல வைரஸ்கள் அந்தப் போட்டியைக் குறைக்கும் வழிகளைக் கொண்டுள்ளன. சிக்குன்குனியா வைரஸின் ‘என்எஸ்பி2’ என்ற புரதம் உயிரணுவின் கருவுக்குள் சென்று, தூது ஆர்என்ஏக்களை எழுதும் நொதியின் முக்கியப் பகுதியைச் சிதைவுறச் செய்கிறது. புதிய குறிப்புகள் வெளிவராத நிலையில் வைரஸின் குறிப்புகளே மிகுதியாகப் படிக்கப்படுகின்றன. அதே வைரஸின் ‘என்எஸ்பி3’ புரதம், நெருக்கடி காலத்தில் தூது ஆர்என்ஏக்களைச் சேமித்து வைக்க உதவும் ‘ஜி3பிபி’ என்ற மனிதப் புரதத்தைப் பிடித்து, வைரஸின் பணிக்குத் திருப்பிவிடுகிறது.

போலியோ வைரஸ் பின்பற்றும் முறை இன்னும் நேரடியானது. அதன் நொதி ஒன்று, தொப்பியையும் ரைபோசோமையும் இணைக்கும் பாலமாக உள்ள ‘இஐஎஃப்4ஜி’ என்ற தொடக்கக் காரணியை இரண்டாக வெட்டிவிடுகிறது. தொப்பியுள்ள மனிதத் தூது ஆர்என்ஏக்கள் அனைத்தும் அத்துடன் வாசல் மூடிய நிலைக்குத் தள்ளப்படுகின்றன. போலியோவின் ஆர்என்ஏவுக்குத் தொப்பியே கிடையாது. மாறாக, அதன் தொடக்கப் பகுதி சிக்கலாக மடிந்து, வெட்டுண்ட காரணியின் எஞ்சிய துண்டையும் வேறு சில மனிதப் புரதங்களையும் பற்றி, ரைபோசோமை நேரடியாக நடுப்பகுதிக்கு வரவழைக்கிறது. ரைபோசோமுக்கான இந்த உள்நுழைவுத் தளம் 1988ஆம் ஆண்டு போலியோ வைரஸிலும் அதன் இனத்தைச் சேர்ந்த மற்றொரு வைரஸிலும் கண்டறியப்பட்டது.

2022ஆம் ஆண்டு கொல்லம் மாவட்டக் குழந்தைகளிடையே பரவி, தமிழக எல்லையிலும் கண்காணிப்பை ஏற்படுத்திய ‘தக்காளிக் காய்ச்சல்’, கை, கால், வாய் நோயின் ஒரு வடிவமாகக் கருதப்படுகிறது. அந்நோயை உண்டாக்கும் காக்சாக்கி வைரஸ்களும் போலியோவின் உறவினங்களே. அவையும் இதே குறுக்கு வழியைப் பயன்படுத்துகின்றன.

கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் சி வைரஸின் நுழைவுத் தளம் தொடக்கக் காரணிகள் பலவற்றைத் தவிர்த்துவிட்டு, ரைபோசோமின் சிறு துண்டை நேரடியாகவே பற்றிக்கொள்கிறது. இத்துறையில் இந்தியாவின் பங்களிப்பும் குறிப்பிடத்தக்கது. பெங்களூருவில் உள்ள இந்திய அறிவியல் கழகத்தில் சௌமித்ரா தாஸ் தலைமையிலான குழு, ‘லா’ என்ற மனிதப் புரதம் ஹெபடைடிஸ் சி ஆர்என்ஏவின் தொடக்கப் புள்ளி அருகே எவ்வாறு அமர்ந்து புரத உற்பத்திக்குத் துணைபுரிகிறது என்பதை 2000களின் தொடக்கத்திலிருந்து விரிவாக ஆராய்ந்து வெளியிட்டது.

கொரோனா வைரஸும் இன்ஃப்ளூயன்சாவும்

2020ஆம் ஆண்டு ஜனவரி 30 அன்று இந்தியாவின் முதல் கோவிட்-19 பாதிப்பு கேரளத்தில்தான் உறுதியானது. அவ்வாண்டிலேயே அந்த வைரஸின் புரத உற்பத்தி முறை குறித்த முக்கியமான படங்கள் வெளியாயின. வைரஸின் ‘என்எஸ்பி1’ என்ற சிறு புரதத்தின் வால் பகுதி, மனித ரைபோசோமில் தூது ஆர்என்ஏ நுழையும் வழியில் அடைப்பான் போலச் செருகிக்கொள்வதை எலக்ட்ரான் நுண்ணோக்கி காட்டியது. உயிரணுவின் குறிப்புகள் உள்ளே செல்ல இயலாத அந்த நிலையிலும் வைரஸின் குறிப்புகள் படிக்கப்படுகின்றன. அவற்றின் முனையில் உள்ள ஒரு சிறிய மடிப்பு இந்த விலக்கைப் பெற்றுத் தருகிறது.

இன்ஃப்ளூயன்சா வைரஸோ தொப்பியைத் திருடுகிறது. மனிதத் தூது ஆர்என்ஏக்களின் முனையைத் தொப்பியுடன் வெட்டியெடுத்துத் தன் ஆர்என்ஏவின் தலையில் பொருத்திக்கொள்கிறது. முனை இழந்த மனித ஆர்என்ஏ பயனற்றுப் போகிறது. வைரஸின் ஆர்என்ஏ உயிரணுவின் சொந்தக் குறிப்பு போலத் தோற்றமளித்து ரைபோசோமை அடைகிறது.

உயிரணுவின் தற்காப்பு

இத்தனைக்கும் உயிரணு வாளாவிருப்பதில்லை. வைரஸ் தன் ஆர்என்ஏவை நகலெடுக்கும்போது இரட்டை இழை ஆர்என்ஏ உருவாகிறது. நலமான உயிரணுவில் நீண்ட இரட்டை இழை ஆர்என்ஏ பொதுவாகக் காணப்படாது என்பதால், ‘பிகேஆர்’ என்ற காவல் புரதம் அதை ஆபத்தின் அறிகுறியாக உணர்ந்து, தொடக்கக் காரணிகளில் ஒன்றைச் செயலிழக்கச் செய்கிறது. வைரஸுக்கும் பயன்படக் கூடாது என்ற வகையில் உயிரணு தன் ஆலையைத் தானே மூடிக்கொள்கிறது. அதனுடன் இன்டர்ஃபெரான் என்ற எச்சரிக்கைப் புரதம் வெளியிடப்பட்டு, அண்டை உயிரணுக்களும் தயார் நிலைக்கு வருகின்றன. வைரஸ் நோயின்போது ஏற்படும் காய்ச்சல், உடல்வலி, சோர்வு ஆகியவற்றில் பெரும்பங்கு இந்த எதிர்ப்பு நடவடிக்கைகளின் விளைவே.

ஆன்டிபயாடிக் ஏன் உதவுவதில்லை?

மேற்கூறியவற்றிலிருந்து அன்றாட வாழ்வுக்குரிய ஒரு முடிவு கிடைக்கிறது. அசித்ரோமைசின், டாக்சிசைக்ளின் போன்ற ஆன்டிபயாடிக் மருந்துகள் ரைபோசோமைத் தடுத்தே நோயைக் குணப்படுத்துகின்றன. ஆனால் அவை தடுப்பது பாக்டீரியாவின் ரைபோசோமை. அதன் வடிவம் மனித ரைபோசோமின் வடிவத்திலிருந்து வேறுபட்டது என்பதாலேயே அம்மருந்துகள் நோயாளியைப் பெரிதும் பாதிக்காமல் பாக்டீரியாவை மட்டும் செயலிழக்கச் செய்ய முடிகிறது. அமாக்சிசிலின் போன்றவை பாக்டீரியாவின் செல்சுவர் உருவாவதைத் தடுக்கின்றன. டெங்கு வைரஸிடம் சொந்த ரைபோசோமும் இல்லை, செல்சுவரும் இல்லை. எனவே இம்மருந்துகள் சென்று தாக்க அதனிடம் இலக்கே இல்லை.

தேவையின்றி உட்கொள்ளப்படும் ஆன்டிபயாடிக், உடலில் உள்ள பாக்டீரியாக்கள் மருந்தை எதிர்க்கும் ஆற்றல் பெறவே வழிவகுக்கிறது. இதைக் கருத்தில் கொண்டு கேரள அரசு 2018ஆம் ஆண்டு நுண்ணுயிர் எதிர்ப்பு ஆற்றலுக்கு எதிரான மாநிலச் செயல்திட்டத்தைத் தொடங்கியது. 2024ஆம் ஆண்டு தொடக்கத்தில் மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை, மருத்துவர் சீட்டு இன்றி ஆன்டிபயாடிக் விற்கும் கடைகளைக் கண்டறிய ‘ஆபரேஷன் அம்ருத்’ என்ற சோதனை நடவடிக்கையை மேற்கொண்டது.

அதே வேளையில், மழைக்காலக் காய்ச்சல் அனைத்தும் வைரஸால் வருபவை அல்ல. எலிக்காய்ச்சல், ஸ்க்ரப் டைபஸ், டைபாய்டு ஆகியவை பாக்டீரியாவால் உண்டாகின்றன. சேற்றிலும் தேங்கிய நீரிலும் பணிபுரிவோர்க்கு எலிக்காய்ச்சலும், புதர்க்காடுகளை ஒட்டி வாழ்வோர்க்கு ஸ்க்ரப் டைபஸும் வரக்கூடும். இவற்றில் உரிய ஆன்டிபயாடிக்கை உரிய நேரத்தில் தருவது உயிர்காக்கும் சிகிச்சை. தொடக்க நாள்களில் இவை அனைத்தும் ஒரே மாதிரியான காய்ச்சலாகவே தோன்றும். ஆகவே, மருந்து தேவையா, எது தேவை என்பதை மருத்துவரும் இரத்தப் பரிசோதனையுமே முடிவு செய்ய வேண்டும்.

மருந்து தேடலில் இரு வழிகள்

வைரஸ் மனித ரைபோசோமைப் பயன்படுத்துகிறது என்றால் அந்த ரைபோசோமையே தடுத்தால் என்ன என்ற வினா எழலாம். அவ்வாறு செய்தால் நோயாளியின் சொந்தப் புரத உற்பத்தியும் நின்றுவிடும். எனவே ஆய்வாளர்கள் இரு வழிகளில் முயல்கின்றனர்.

முதல் வழி, வைரஸுக்கே உரிய சில நொதிகளைக் குறிவைப்பது. எச்ஐவி, கொரோனா வைரஸ் ஆகியவையும் நீண்ட சங்கிலியைத் தம் சொந்த நொதியால் வெட்டுகின்றன. அந்த வெட்டும் நொதியைத் தடுக்கும் மருந்துகள் 1995ஆம் ஆண்டு முதல் எச்ஐவி சிகிச்சையில் பயன்படுகின்றன. கோவிட்-19 நோய்க்கான நிர்மட்ரெல்விர் மருந்தும் இவ்வகையைச் சேர்ந்ததே. ஹெபடைடிஸ் சி நோய்க்கு, வைரஸின் ஆர்என்ஏ நகலெடுக்கும் நொதியைத் தடுக்கும் சோஃபோஸ்புவிர் 2013ஆம் ஆண்டு அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அதன் பின்னர் அந்நோயைப் பெரும்பாலானவர்களிடம் முற்றிலும் குணப்படுத்தும் நிலை உருவானது. இவ்வழியின் குறை, வைரஸ் தன் நொதியின் வடிவத்தை மாற்றிக்கொண்டு மருந்திலிருந்து தப்பக்கூடும் என்பது. சிக்குன்குனியா வைரஸின் ஒரு புரதத்தில் 226ஆம் இடத்தில் இருந்த ஒரே அமினோ அமிலம் மாறியதால் அது ஏடிஸ் அல்போபிக்டஸ் கொசுவில் எளிதாக வளரும் திறன் பெற்றது. 2007ஆம் ஆண்டின் கேரளப் பரவலில் கண்டறியப்பட்ட இந்த மாற்றம், வைரஸ் எவ்வளவு எளிதில் மாறும் என்பதற்குச் சான்று.

இரண்டாவது வழி, வைரஸ் நம்பியிருக்கும் மனிதப் புரதத்தைச் சிறிது காலத்திற்கு மட்டும் மட்டுப்படுத்துவது. மனிதப் புரதம் வைரஸின் விருப்பத்திற்கேற்ப மாறாது. ஒரே மருந்து பல வைரஸ்களுக்குப் பயன்படக்கூடும். ஆஸ்திரேலிய மரம் ஒன்றின் விதையில் உள்ள வேதிப்பொருளிலிருந்து உருவாக்கப்பட்ட செல்கோசிவிர், எண்டோபிளாசக் வலையில் புரதங்களின் சர்க்கரைகளைச் சீராக்கும் மனித நொதியைத் தடுக்கிறது. ஆய்வகத்திலும் எலிகளிலும் டெங்குவைக் கட்டுப்படுத்திய இம்மருந்து, சிங்கப்பூரில் 50 நோயாளிகளிடம் சோதிக்கப்பட்டது. பாதுகாப்பானதாக இருந்தபோதிலும், வைரஸின் அளவையோ காய்ச்சலையோ அது குறிப்பிடத்தக்க வகையில் குறைக்கவில்லை என 2014ஆம் ஆண்டு முடிவுகள் வெளியாயின. கடல்வாழ் உயிரினம் ஒன்றிலிருந்து கண்டறியப்பட்ட பிளிடிடெப்சின், ரைபோசோமுக்கு அமினோ அமிலங்களைக் கொண்டுவரும் மனிதப் புரதத்தைத் தடுத்து, கொரோனா வைரஸை ஆய்வகத்தில் வலுவாகக் கட்டுப்படுத்துவதாக 2021ஆம் ஆண்டு வெளியான ஆய்வு காட்டியது. ஆய்வகக் குடுவைக்கும் நோயாளியின் படுக்கைக்கும் இடையிலான தொலைவை இந்த இரு மருந்துகளின் வரலாறும் உணர்த்துகிறது. மூலிகைகளிலிருந்து பெறப்படும் பொருள்களுக்கும் இதே சோதனைகள் பொருந்தும்.

அதே ஆலை, தடுப்பூசியின் கையில்

வைரஸ்களிடமிருந்து கற்ற இந்த முறையை மருத்துவமும் பயன்படுத்துகிறது. இந்தியாவில் கோடிக்கணக்கானோர் செலுத்திக்கொண்ட கோவிஷீல்டு தடுப்பூசி, பெருக இயலாதவாறு மாற்றப்பட்ட ஓர் அடினோவைரஸின் வழியாகக் கொரோனாவின் கூர்முனைப் புரதத்திற்கான குறிப்பை மட்டும் உயிரணுவுக்குள் கொண்டுசேர்த்தது. புனேவைச் சேர்ந்த ஜென்னோவா நிறுவனத்தின் எம்ஆர்என்ஏ தடுப்பூசி 2022ஆம் ஆண்டு இந்தியாவில் அவசரகால அனுமதி பெற்றது. இவ்விரண்டிலும் புரதத்தைத் தயாரித்தது, செலுத்திக்கொண்டவரின் சொந்த ரைபோசோமே. உடலின் எதிர்ப்பு அமைப்பு அப்புரதத்தை முன்கூட்டியே அறிந்துகொண்டது.

டெங்குவுக்கான உள்நாட்டுத் தடுப்பூசியின் மூன்றாம் கட்டச் சோதனையை இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் பனேசியா பயோடெக் நிறுவனமும் இணைந்து 2024ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் தொடங்கின. திருவனந்தபுரம் மாவட்டத்திலேயே ராஜீவ் காந்தி உயிரித் தொழில்நுட்ப மையம், தோன்னக்கல்லில் உள்ள மேம்பட்ட வைராலஜி நிறுவனம் ஆகியவையும், கல்லாற்றுக்கு அருகே விதுராவில் இந்திய அறிவியல் கல்வி மற்றும் ஆராய்ச்சி நிறுவனமும் இயங்கி வருகின்றன.

மருந்து வரும் வரை

வைரஸின் புரத உற்பத்தியைத் தடுக்கும் மருந்து கைக்கு வரும் வரை, டெங்கு சிகிச்சை என்பது உடலைத் தாங்கிப் பிடிப்பதே ஆகும். போதிய நீராகாரம், ஓய்வு, காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் ஆகியவை அடிப்படை. இரத்தக்கசிவை அதிகப்படுத்தக்கூடிய ஆஸ்பிரின், இபுபுரூஃபன் ஆகியவற்றைத் தவிர்க்க வேண்டும் என உலக சுகாதார அமைப்பு அறிவுறுத்துகிறது. காய்ச்சல் தணியும் நாள்களில் கடும் வயிற்றுவலி, தொடர் வாந்தி, ஈறு அல்லது மூக்கிலிருந்து இரத்தம் வடிதல், மிகுந்த சோர்வு ஆகியவை தென்பட்டால் உடனடியாக மருத்துவமனையை அணுக வேண்டும். காய்ச்சல் விட்டதை நோய் விட்டதாகக் கருதி அலட்சியமாக இருப்பது ஆபத்தானது.

கொசு இல்லாவிட்டால் வைரஸ் உயிரணுவை நெருங்கவே வாய்ப்பு குறைவு. ஏடிஸ் கொசுவின் முட்டை, தண்ணீரில் வளர்ந்து கொசுவாக மாற ஏறத்தாழ ஒரு வாரமோ சற்றுக் கூடுதலோ ஆகும் என்பதால், வாரம் ஒருமுறை தேங்கிய நீரை அகற்றினால் அதன் வாழ்க்கைச் சுழற்சி அறுபடும். பால்வெட்டு இல்லாத நாள்களில் ரப்பர் மரங்களின் சிரட்டைகளையும் கோப்பைகளையும் கவிழ்த்து வைக்குமாறு கேரள சுகாதாரத் துறை தோட்ட உரிமையாளர்களையும் தொழிலாளர்களையும் மழைக்காலந்தோறும் கேட்டுக்கொள்கிறது.